கூழ் இளகும் வேகத்தில் நொதியின் கணக்கு

திருவனந்தபுரத்தின் தம்பானூரைச் சுற்றியுள்ள உணவகங்களில் மரச்சீனிக் கிழங்கும் மீன்குழம்பும் இன்றும் மலிவாக வயிறு நிரப்புகின்றன. 1880 முதல் 1885 வரை திருவிதாங்கூரை ஆண்ட விசாகம் திருநாள் ஊக்குவித்த பயிர் இது. நகரின் வடபுறம் ஸ்ரீகாரியத்தில் 1963இல் தொடங்கிய மத்திய கிழங்குப் பயிர்கள் ஆராய்ச்சி நிலையம் இதன் மாவுச்சத்தை ஆராய்கிறது.

அந்த மாவைத் தண்ணீரில் கரைத்துக் காய்ச்சினால் கண்ணாடிபோல் தெளிந்த, கெட்டியான கூழாகும். வெதுவெதுப்பாக ஆறியதும் ஆல்பா அமைலேஸ் நொதியைச் சிறிது விட்டால் சில நிமிடங்களில் நீர்த்துவிடும். எவ்வளவு சீக்கிரம் நீர்க்கிறது என்று பார்த்தால் நொதியின் வீரியம் தெரிந்துவிடும்.

நொதி மாவுச்சத்தை வெட்டும்போது உண்டாகும் சர்க்கரையை அளக்கலாமே என்று கேட்கலாம். ஆய்வகங்களில் அதுதான் பெருவழக்கு, டி.என்.எஸ். (டைநைட்ரோசாலிசிலிக் அமிலம்) கரைசலைச் சேர்த்துச் சூடாக்கினால் மஞ்சள் நிறம் செம்பழுப்பாகும், அந்த நிறத்தை அளப்பார்கள். ஆனால் அதற்கு ஒரு குருட்டுப் பகுதி உண்டு. ஆயிரம் குளுக்கோஸ் கோத்த ஒரு சங்கிலியை எடுத்துக்கொள்வோம். பீட்டா அமைலேஸ் நுனியில் வெட்டி இரண்டு குளுக்கோஸ் கொண்ட மால்டோஸைக் கழற்றுகிறது, மிச்சம் 998. ஆல்பா அமைலேஸ் நடுவில் வெட்டினால் 500, 500. இரண்டிலும் வெட்டு ஒன்றே, அந்தக் கரைசலோடு வினைபுரியப் புதிதாகத் தோன்றும் முனையும் ஒன்றே. நிறச்சோதனைக்கு இவை ஏறக்குறைய ஒன்றுபோலத்தான் தெரியும். கூழோ நுனிவெட்டைப் பொருட்படுத்தாது. நடுவெட்டில் சட்டென்று இளகும். பாகுத்தன்மை சங்கிலியின் நீளத்தைச் சார்ந்தது என்பதே காரணம். நடுவில் வெட்டும் நொதிகளுக்கு இதைவிடக் கூர்மையான எளிய சோதனை இல்லை என்றே நான் சொல்வேன்.

கருவியும் எளியது. ஆஸ்ட்வால்ட் பாகுமானி என்பது மெல்லிய துளையுள்ள 'யு' வடிவக் கண்ணாடிக் குழாய். இரண்டு கோடுகளுக்கு இடையே கரைசல் இறங்கும் நேரத்தை நிறுத்துகடிகாரத்தில் குறித்து, தண்ணீருக்கு ஆன நேரத்தால் வகுத்து, ஒன்றைக் கழிக்க வேண்டும். கிடைப்பதன் தலைகீழ் மதிப்பைக் காலத்துக்கு எதிரே வரைந்தால், தொடக்கத்தில் ஏறக்குறைய நேர்க்கோடு வரும். கோடு செங்குத்தாக ஏற ஏற, நொதி வீரியமானது. செல்லுலோஸை வெட்டும் செல்லுலேஸ் நொதியை அளக்கவும் இதே வழிதான். அங்கே கூழுக்குப் பதில் கார்பாக்சிமெத்தில் செல்லுலோஸ் கரைசல்.

வெப்பநிலையில் மட்டும் அசட்டை கூடாது. 25 டிகிரியிலிருந்து 30க்கு ஏறினாலே நீரின் பாகுத்தன்மை சுமார் 10 சதவீதம் குறையும். நொதி செய்யாத வேலை அதன் கணக்கில் ஏறிவிடும். அதனால் குழாய் நீர்த்தொட்டிக்குள் நிலையான சூட்டில் நிற்க வேண்டும். மாவு மாறினாலும் எண் மாறும் என்பதால், ஒரே கூழில் எடுத்த அளவுகளைத்தான் ஒப்பிடலாம்.

கோதுமை வணிகத்தில் இதன் உறவுமுறைச் சோதனை ஒன்று உண்டு. ஸ்வீடனின் ஸ்வென் ஹாக்பெர்க் 1960களின் தொடக்கத்தில் கொண்டுவந்த அதில், கொதிநீரில் வைத்த மாவுக்கூழுக்குள் ஒரு கோல் விழும் நேரத்தை நொடிகளில் எண்ணுவார்கள். மழையில் முளைவிட்ட கோதுமையில் அமைலேஸ் மிகுந்திருக்கும். கோல் விரைவில் இறங்கிவிடும்.

ஈரோடு, திருப்பூர்ப் பக்கம் நெய்த துணியில் பாவுக்குப் போட்ட கஞ்சியைச் சாயத்துக்கு முன் நீக்கவும் அமைலேஸ்தான் பயன்படுகிறது. அங்கே சர்க்கரை எவ்வளவு வந்தது என்பது யாருக்கும் வேண்டாத விவரம். கஞ்சி இளகி நூலை விட்டுக் கழன்றாக வேண்டும். அந்த வேலைக்கு நொதி வாங்குபவர் கேட்க வேண்டியது பாகுத்தன்மைக் கணக்கைத்தான்.