டிக்கெட் இல்லாத பயணம்: 10 ரூபாய்க்குப் பதில் 260

கடற்கரையிலிருந்து தாம்பரம் வரை மின்சார ரயிலில் இரண்டாம் வகுப்புக் கட்டணம் 10 ரூபாய். குரோம்பேட்டையில் ஏறிக் கிண்டியில் இறங்குபவருக்கு 5 ரூபாய் போதும். அந்த டிக்கெட்டை எடுக்காமல் ஏறிப் பரிசோதகரிடம் அகப்பட்டால், கட்டணத்தோடு குறைந்தது 250 ரூபாய் சேர்த்துக் கட்ட வேண்டும். கட்ட மறுத்தால் நீதிமன்றம், அங்கும் கட்டாவிட்டால் சிறை என்று விளைவுகள் படிப்படியாக ஏறுகின்றன. இவை அனைத்தையும் வகுத்திருப்பது 1989-ஆம் ஆண்டின் ரயில்வே சட்டம். 1890-ஆம் ஆண்டின் பழைய சட்டத்துக்கு மாற்றாக வந்த இது, 1990 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கிறது.

கடற்கரை–தாம்பரம் தடத்தில் 1931 முதல் மின்சார ரயில் ஓடுகிறது. மெட்ரோவில் அட்டையையோ டிக்கெட்டையோ காட்டினால்தான் கதவு திறக்கும். பல்லாவரம், சானடோரியம், பெருங்களத்தூர் போன்ற புறநகர் நிலையங்களில் அப்படிக் கதவு எதுவும் இல்லை. நடைமேம்பாலத்தில் ஏறி நேராக நடைமேடையில் இறங்கிவிடலாம். எல்லாரையும் வாசலிலேயே நிறுத்திப் பார்க்க முடியாத இந்த அமைப்பில், சோதனை திடீரென்றுதான் நடக்கும். படிக்கட்டின் கீழே, ரயில் பெட்டிக்குள், நடைமேடையில் என எங்கே வேண்டுமானாலும் பரிசோதகர்கள் குழுவாக நிற்கலாம். பத்து முறை தப்பியவர் பதினோராவது முறை கட்டும் தொகை, தப்பிய பத்து முறைக்குமான கட்டணத்தைவிட அதிகம்.

எவையெல்லாம் ‘வித்தவுட்’?

சட்டத்தின் 55-ஆவது பிரிவு, உரிய டிக்கெட்டோ பாஸோ ரயில்வே ஊழியரின் அனுமதியோ இல்லாமல் யாரும் பெட்டியில் ஏறக்கூடாது என்கிறது. கையில் ஒன்றுமே இல்லாமல் பயணம் செய்பவர் மட்டும் இதில் சிக்குவதில்லை. நேற்றோடு முடிந்த சீசன் டிக்கெட்டை வைத்திருப்பவர், சீசன் டிக்கெட்டை வீட்டில் மறந்து வந்தவர், அண்ணனின் சீசனில் பயணம் செய்யும் தம்பி என இவர்கள் எல்லாருமே டிக்கெட் இல்லாதவர்களாகவே கருதப்படுவார்கள். கேட்டவுடன் காட்ட வேண்டும் என்பது விதி. ஆகவே, வீட்டில் இருக்கிறது என்ற பதில் எடுபடாது.

செல்பேசி டிக்கெட்டிலும் இதே சிக்கல்கள் உண்டு. தாளில்லா முன்பதிவில்லா டிக்கெட்டுக்கான யுடிஎஸ் செயலி சென்னையில் முதலில் அறிமுகமானது, 2015 ஏப்ரல் 22 அன்று, எழும்பூர்–தாம்பரம் தடத்தில்தான். தண்டவாளத்துக்கு மிக அருகிலோ ரயிலுக்குள்ளோ இருந்துகொண்டு டிக்கெட் எடுக்க முடியாதபடி அது வடிவமைக்கப்பட்டது. பரிசோதகரைக் கண்ட பிறகு செயலியைத் திறப்பவர்களைத் தடுப்பதற்கான ஏற்பாடு இது. நிலையத்துக்குள் வந்துவிட்டவர்கள், அங்கே ஒட்டியிருக்கும் கியூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்து, ஏறுவதற்கு முன்பே டிக்கெட் எடுத்துக்கொள்ளலாம். டிக்கெட்டைச் செயலியிலேயே திறந்து காட்ட வேண்டும். நண்பர் அனுப்பிய ஸ்கிரீன்ஷாட் செல்லாது. செல்பேசியில் சார்ஜ் தீர்ந்துபோனாலும் டிக்கெட் இல்லாததாகவே கொள்ளப்படும்.

தீபாவளி, பொங்கல் நாட்களில் தாம்பரத்தில் தென்மாவட்ட ரயில்களில் ஏறுபவர்கள் கவனிக்க வேண்டியது வேறொன்று. இணையத்தில் எடுத்த காத்திருப்போர் பட்டியல் டிக்கெட், பட்டியல் தயாரான பிறகும் உறுதியாகாவிட்டால் தானாக ரத்தாகிவிடும். பணம் கணக்குக்குத் திரும்பிவிடும். அதை வைத்துக்கொண்டு ரயிலில் ஏறினால் அது டிக்கெட் இல்லாத பயணம்தான்.

கணக்கு எப்படிப் போடப்படுகிறது?

138-ஆவது பிரிவின்படி இரண்டு தொகைகள் சேர்கின்றன. முதலாவது, பயணம் செய்த தூரத்துக்கான சாதாரணக் கட்டணம். இரண்டாவது, கூடுதல் கட்டணம். இது முதல் தொகைக்குச் சமமாகவோ 250 ரூபாயாகவோ, எது அதிகமோ அதுவாக இருக்கும். தொடக்கத்தில் இந்தக் குறைந்த வரம்பு 50 ரூபாயாக இருந்தது; பின்னர் சட்டத்தைத் திருத்தி உயர்த்தினார்கள். கடற்கரையிலிருந்து தாம்பரம் வந்தவர் 10 ரூபாயும் 250 ரூபாயும் சேர்த்து 260 ரூபாய் கட்டுவார்.

இரண்டாம் வகுப்பு டிக்கெட்டோடு முதல் வகுப்புப் பெட்டியில் ஏறினால், இரண்டு கட்டணங்களுக்கும் உள்ள வித்தியாசமும் கூடுதல் கட்டணமும் சேரும். டிக்கெட்டில் உள்ள நிலையத்தைத் தாண்டிப் பயணம் செய்பவருக்கும் இதே முறைதான். 2025 ஏப்ரல் 19 முதல் கடற்கரை–செங்கல்பட்டு இடையே ஓடும் குளிர்சாதன மின்சார ரயிலில் குறைந்த கட்டணமே 35 ரூபாய். அவசரத்தில் 5 ரூபாய் டிக்கெட்டோடு அதில் ஏறிவிடுபவர்களும் கூடுதல் கட்டணத்துக்கு உள்ளாவார்கள்.

எங்கே ஏறினார் என்பதில் சந்தேகம் எழுந்தால், ரயில் புறப்பட்ட நிலையத்திலிருந்தே கட்டணம் கணக்கிடப்படும். நடுவில் டிக்கெட் சோதனை நடந்திருந்தால், கடைசியாகச் சோதனை நடந்த இடத்திலிருந்து கணக்கிடுவார்கள். மின்சார ரயிலில் இதனால் பெரிய வேறுபாடு வராது. ஆனால் திருநெல்வேலியிலிருந்து வரும் நெல்லை எக்ஸ்பிரஸில் தாம்பரத்தில் ஏறி எழும்பூர் போக நினைப்பவருக்கு இந்த விதி பேரிடி. தாம்பரத்தில்தான் ஏறினோம் என்று காட்ட முடியாவிட்டால் நூற்றுக்கணக்கான கிலோமீட்டருக்கான கட்டணமும், அதற்கு ஈடான கூடுதல் கட்டணமும் அவர் தலையில் விழும்.

கட்ட மறுத்தால்

பரிசோதகர் கேட்ட தொகையைக் கட்டி ரசீது வாங்கிவிட்டால் 138-ஆவது பிரிவின் கீழான விவகாரம் அங்கேயே முடிந்துவிடும். கட்ட மறுப்பவரிடமிருந்து தொகையை வசூலிக்க ரயில்வே ஊழியர் மாஜிஸ்திரேட்டிடம் விண்ணப்பிக்கலாம். தொகையை அபராதம் போல வசூலிக்க நீதிமன்றம் உத்தரவிடும். அப்போதும் கட்டாவிட்டால் 10 நாளுக்குக் குறையாமல் ஒரு மாதம் வரை சிறைத் தண்டனை விதிக்கலாம்.

பணம் கட்டாதவரை ரயிலிலிருந்து இறக்கிவிடவும் 139-ஆவது பிரிவு அதிகாரம் தருகிறது. ஆனால் ஆண் துணையில்லாமல் வரும் பெண்ணையோ குழந்தையையோ நினைத்த இடத்தில் இறக்கிவிட முடியாது. அவர்கள் ஏறிய நிலையம், சந்திப்பு, ரயில் முடியும் நிலையம், மாவட்டத் தலைநகர் நிலையம் ஆகியவற்றில் ஒன்றில், அதுவும் பகலில் மட்டுமே இறக்கலாம். செங்கல்பட்டு ஒரு சந்திப்பு. 2019 முதல் மாவட்டத் தலைநகரும்கூட. இரவு ஒன்பது மணிக்கு ஊரப்பாக்கத்தில் ஒரு மாணவியை இறங்கச் சொன்னால் அது சட்டத்துக்கு எதிரானது.

ஏமாற்றும் எண்ணம் இருந்தால்

மறதிக்கும் மோசடிக்கும் சட்டம் வேறுபாடு பார்க்கிறது. ஏமாற்றும் நோக்கத்தோடு டிக்கெட் இல்லாமல் பயணம் செய்வதும், ஏற்கெனவே பயன்படுத்திய டிக்கெட்டை மீண்டும் பயன்படுத்துவதும் 137-ஆவது பிரிவின் கீழ் குற்றங்கள். இதற்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது 1,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் கிடைக்கலாம். தக்க காரணத்தை நீதிமன்றம் பதிவு செய்தாலன்றி அபராதம் 500 ரூபாய்க்குக் குறையாது. இதற்கு மேல் பயணக் கட்டணமும் கூடுதல் கட்டணமும் தனி. இதையே வழக்கமாகக் கொண்டவர் என்று தெரிந்தால், மூன்று ஆண்டு வரை நன்னடத்தைப் பத்திரம் எழுதித் தரும்படி 140-ஆவது பிரிவின் கீழ் நீதிமன்றம் உத்தரவிடலாம். போலி டிக்கெட் தயாரித்தால் அது ரயில்வே சட்டத்தோடு நிற்காது. பாரதிய நியாய சன்ஹிதாவின் கீழ் ஆவண மோசடி வழக்காகவும் மாறும்.

விபத்து நேர்ந்தால்

டிக்கெட் இல்லாத பயணத்தின் மிகப் பெரிய இழப்பைப் பலரும் எண்ணிப் பார்ப்பதில்லை. ஓடும் ரயிலிலிருந்து தவறி விழுந்து இறந்தவரின் குடும்பத்துக்கு, 124ஏ பிரிவின் கீழ் ரயில்வே உரிமைக்கோரல் தீர்ப்பாயம் இழப்பீடு வழங்குகிறது. 2017 ஜனவரி 1 முதல் உயிரிழப்புக்கான தொகை 8 லட்சம் ரூபாய். செல்லத்தக்க டிக்கெட் வாங்கிய பயணிக்கும், நடைமேடை டிக்கெட் எடுத்தவருக்கும்தான் இந்தப் பாதுகாப்பு.

உடலருகே டிக்கெட் கிடைக்கவில்லை என்பதற்காக மட்டும் கோரிக்கையைத் தள்ளிவிடக் கூடாது என்று 2018 மே 9 அன்று ரீனா தேவி வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. குடும்பத்தினர் உரிய விவரங்களோடு பிரமாணப் பத்திரம் தாக்கல் செய்தால், மறுத்து நிரூபிக்கும் பொறுப்பு ரயில்வேயைச் சேரும் என்றும் அது விளக்கியது. எடுத்த டிக்கெட் தொலைந்துபோன குடும்பங்களுக்கு இது துணை. எடுக்கவே இல்லை என்று உறுதியானால் கோரிக்கை நிற்காது.

மாட்டிக்கொண்டவர் செய்ய வேண்டியது

ஓடித் தப்பிக்கப் பார்ப்பதும், தண்டவாளத்தைக் குறுக்கே கடப்பதும் கூடாது. அத்துமீறி நுழைந்ததற்கு 147-ஆவது பிரிவின் கீழ் தனி வழக்கு வரும், உயிருக்கும் ஆபத்து. எந்த நிலையத்தில் ஏறினோம் என்பதை முதலிலேயே உண்மையாகச் சொல்லிவிடுவது நல்லது. பரிசோதகரின் பெயர்ப் பட்டையையும் அடையாள அட்டையையும் பார்க்கக் கேட்கலாம். கட்டும் ஒவ்வொரு ரூபாய்க்கும் ரசீது வாங்க வேண்டும். மீதிப் பயணத்துக்கு அதுவே டிக்கெட். ரசீது இல்லாமல் கைமாறும் பணம் லஞ்சம். அதற்குப் பிறகும் பயணி டிக்கெட் இல்லாதவர்தான். கணக்கு தவறாகப் பட்டால் ரசீதை வைத்துக்கொண்டு ரயில்வேயின் ‘ரயில் மதத்’ (RailMadad) புகார்த் தளத்திலோ 139 என்ற எண்ணிலோ புகார் செய்யலாம்.

தினமும் போய்வருபவர்களுக்கு இவற்றையெல்லாம்விட எளிய வழி ஒன்று இருக்கிறது. சீசன் டிக்கெட் முடியும் தேதியைச் செல்பேசியில் குறித்து வைத்து, அதற்கு முந்தைய நாளே புதுப்பித்துவிட்டால் போதும்.