மூச்சு நிற்றலும் பால் எதுக்களித்தலும்

பாலுண்ட குழவி தொட்டிலிற் கிடக்கின்றது. கடைவாயினின்றும் சிறிது பால் வழிகின்றது. அடுத்த கணத்தில் மார்பின் அசைவு நின்றுவிடுகின்றது. ஐந்து எண்ணுவதற்குள் மூச்சு மீள்கின்றதெனினும், அருகிருந்த தாய்க்கு அவ்வைந்தும் ஐந்து நாழிகையே. மேலேறிய பாலே மூச்சை அடைத்ததென அவள் துணிதல் இயல்பு. அத்துணிபு எத்துணை மெய் என்பதை ஈண்டு ஆராய்வாம்.

பிறந்து சில மாதங்கள் வரை குழவியின் மூச்சு ஒரு சீராக ஓடுவதன்று. விரைந்து சில மூச்சு வாங்கியபின் 5 முதல் 10 விநாடி வரை ஓய்ந்து, மீண்டும் தொடங்கும். இது நோயன்று. அவ்வோய்வு 20 விநாடி வரை நீளினும், அதனிற் குறைந்த பொழுதிலேயே இதயத்துடிப்புத் தளரினும், குருதியில் ஒட்சிசன் குறையினும், அதனையே மருத்துவர் மூச்சுத்தடை என்பர். குறைமாதத்திற் பிறந்த மகவுகளிடத்து இது மிகுதி. சுவாசத்தை ஏவும் மூளைத்தண்டு முதிராமையே அதற்குத் தலையாய காரணம்.

பால் எதுக்களித்தலும் இளமைக்குரிய நிகழ்ச்சியே. களமும் இரைப்பையும் கூடுமிடத்துள்ள இறுக்கித்தசை அவ்வப்போது தானே தளரும். குழவியின் உணவோ நீருணவு. அது பெரும்பொழுது கிடந்தபடியே இருப்பது. ஆதலின் பால் மேலேறுகின்றது. ஏறத்தாழ 4 மாதத்தில் இது மிகுந்து, ஓராண்டு, ஒன்றரையாண்டிற்குள் பெரும்பாலும் தானே நீங்கும்.

இவ்விரண்டையும் இணைக்கும் வழியொன்று மெய்யாகவே உண்டு. குரல்வளை வாயிலில் நீர்ப்பொருள் பட்டால் வளர்ந்தோர் இருமுவர். இளங்குழவியோ விழுங்கும், அதன் குரல்வாய் மூடும், மூச்சு நிற்கும், இதயம் மெல்லத் துடிக்கும். நுரையீரலைக் காக்க எழுந்த தெறிவினை இது. அமிலம் வேண்டுவதில்லை, வெறும் நீரே இதனை எழுப்பவல்லது. வழி உண்டு என்பதனால் எல்லா மூச்சுத்தடையும் அவ்வழியே வந்தது என்று கொள்ளலாமோ? காக்கை இருக்கப் பனம்பழம் வீழ்ந்த நியாயத்தைத் தருக்கம் பயிலும் மாணவர் ஈண்டு நினைவுகூர்வாராக.

நெடுங்காலம் இவ்வினாவிற்கு விடை காண்பது அரிதாயிருந்தது. களத்துள் வைக்கும் கருவி அமிலத்தை மட்டுமே அறியும். உண்டவுடன் பால் அமிலத்தை நடுநிலையாக்கி விடுவதால், அப்பொழுது மேலேறுவது கருவிக்குப் புலப்படாது. பின்னர், மின்னோட்டத்திற்கு எதிரே தோன்றும் தடையின் மாற்றத்தை அளந்து, எப்பாய்பொருள் ஏறினும் காட்டும் முறை வந்தது. அம்முறை கொண்டு 19 குறைமாதக் குழவிகளை ஆராய்ந்து 2002இல் வெளியிட்ட முடிபு, எதுக்களித்தலை ஒட்டிய பொழுதில் மூச்சுத்தடை ஏனைய பொழுதினும் மிகவில்லை என்பதாகும். 2009இல் வந்த பிறிதோராய்வு இன்னும் வியப்புடைத்து: மூச்சு நின்றதன் பின்னரே இறுக்கியின் அழுத்தம் குறைதலை அது கண்டது. அங்ஙனமாயின் சிலபொழுது காரணமெனக் கருதியது காரியமாகவும் கூடும்! எனினும், தனியொரு குழவியிடத்து மேற்கூறிய தெறிவினை மூச்சை நிறுத்துதல் இயலாதென்று இவ்வாய்வுகள் சொல்லவில்லை.

இவ்வினா ஏட்டளவில் நிற்பதன்று. அமிலத்தைக் குறைக்கும் மருந்துகள் மூச்சுத்தடையைக் குறைப்பதாக நிறுவப்படவில்லை. குறைமாத மகவுகளிடத்து அவை தொற்றுநோய்க்கு இடந்தருதலும் கண்டுள்ளனர். அன்னார்க்கு உதவுவது மூளைத்தண்டைத் தூண்டும் கபீன். நம் கோப்பியில் உள்ள அப்பொருளே.

இதனினும் பெரிது கிடத்தும் முறை. கக்கிய பால் மூச்சுக்குழலிற் புகுமென அஞ்சிக் குழவியைக் குப்புறக் கிடத்துவோர் உளர். மல்லாந்து கிடக்குங்கால் மூச்சுக்குழல் மேலும் களம் கீழுமாக அமைதலின், ஏறிய பால் களத்திற்கே எளிதில் மீளும். குப்புறக் கிடப்பின் களம் மேலாகி, பால் குரல்வளையருகே தேங்கும். பிரித்தானியாவில் 1991 முதல் குழவிகளை மல்லாக்கக் கிடத்துமாறு அறிவுறுத்தினர். பால் புரையேறி இறப்போர் தொகை அதனால் உயரவில்லை. தொட்டிலில் திடீரென நேரும் காரணமறியா மரணங்களோ சில ஆண்டுகளிற் பாதிக்கும் கீழாகக் குறைந்தன.