பொதிகைப் பச்சிலையும் ஆய்வுக்கூடமும்

ஆனி பிறந்ததும் தென்மேற்குப் பருவக்காற்று செங்கோட்டைக் கணவாய் வழியே தென்காசியை எட்டுகிறது. குற்றாலத்தில் சாரல் தொடங்குகிறது. அருவிக்குச் செல்லும் வழியிலுள்ள மூலிகைக் கடைகளில் வேரும் பட்டையும் விதையும் குவிகின்றன. ஒவ்வொன்றுக்கும் ஒரு பயனைக் கடைக்காரர் கூறுவார். அவர் கூற்று மெய்யா என்பதை அறிவியல் எவ்வாறு சோதிக்கிறது?

முதல் வேலை, செடி எது என்பதை உறுதி செய்வது. இது எளிதன்று. சங்குபுஷ்பி என்னும் பெயரால் கேரளத்தார் சங்குப்பூக் கொடியைக் குறிப்பர். வடநாட்டார் முற்றிலும் வேறொரு செடியைக் குறிப்பர். ஆகவே பூவும் காயும் உள்ள கிளையை உலர்த்தித் தாளில் ஒட்டிச் சான்றாகப் பாதுகாக்கின்றனர். பின்னர் இலையையோ வேரையோ நிழலில் உலர்த்திப் பொடியாக்கி, ஹெக்சேன், மெத்தனால், நீர் எனப் பல கரைப்பான்களில் ஊறவைக்கின்றனர். எண்ணெய்த் தன்மையுள்ள சேர்மங்கள் ஹெக்சேனிலும் சர்க்கரை போன்றவை நீரிலும் கரையும். கிடைக்கும் சாற்றை நுண்ணுயிர்கள் மீதும், வளர்க்கப்பட்ட உயிரணுக்கள் மீதும் சோதிக்கின்றனர். செயல்திறன் தென்பட்டால், வண்ணப்பிரிகை முறையில் சாற்றைப் பல பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் மீண்டும் சோதிக்கின்றனர். துவர்ப்புச் சுவை தரும் டானின்கள் எந்தப் புரதத்தோடும் ஒட்டிக்கொண்டு, மருந்து கிடைத்துவிட்டது போன்ற பொய்த்தோற்றத்தை உண்டாக்குவதும் உண்டு. சோதனைக் குழாயில் வென்ற சாறுகளில் மிகச் சிலவே மருந்தாகின்றன.

காட்டிலுள்ள எல்லாச் செடிகளையும் இவ்வாறு சோதிப்பது பெரும்பாடு. எனவே, காட்டில் வாழ்வோரின் அறிவு ஆய்வாளருக்கு வழிகாட்டுகிறது. குற்றாலத்துக்குத் தெற்கே, அதே மலைத்தொடரில் பொதிகை எனப்படும் அகத்தியமலை உள்ளது. பழங்குடியினரின் உயிரின அறிவைப் பதிவு செய்யும் அனைத்திந்தியத் திட்டத்தின் ஆய்வாளர்கள், 1987இல் பி. புஷ்பாங்கதன் தலைமையில் அங்கே மலையேறினர். வழிகாட்டிகளாக வந்த காணி இளைஞர்கள் களைப்படையவே இல்லை. அவ்வப்போது அவர்கள் ஒரு சிறு செடியின் பழத்தைத் தின்றனர். நெடுநேரம் தயங்கிய பின்னரே அதைக் காட்டிக்கொடுத்தனர். (அத்தயக்கம் எவ்வளவு பொருளுடையது என்பது பின்னர் விளங்கும்.) அச்செடியே ஆரோக்கியப்பச்சை.

காணிகள் தின்றது பழம். ஆய்வுக்கூடம் பயன்படுத்தியது இலையை. பாலோட்டிலுள்ள வெப்பமண்டலத் தாவரவியல் தோட்ட ஆய்வு நிறுவனம் அதனோடு அமுக்கரா, திப்பிலி, விஷ்ணுகிராந்தி ஆகியவற்றைச் சேர்த்து ‘ஜீவனி’ என்னும் மருந்தை உருவாக்கியது. 1995இல் கோவை ஆர்ய வைத்திய பார்மசிக்கு அதன் உற்பத்தி உரிமம் அளிக்கப்பட்டது. கட்டணம் 10 இலட்சம் ரூபாய். விற்பனையில் 2 விழுக்காடு உரிமத்தொகை. இரண்டிலும் பாதி காணிகளுக்கு எனத் தீர்மானிக்கப்பட்டது. அப்பணத்தைப் பெற 1997இல் அவர்களுக்கென ஓர் அறக்கட்டளை பதிவு செய்யப்பட்டது. அறிவைத் தந்தவரோடு ஆதாயத்தைப் பகிர்ந்துகொண்ட முன்னோடி முயற்சியாக இது உலகெங்கும் பேசப்பட்டது.

எனினும் பாராட்டோடு கதை முடியவில்லை. சிலர் காட்டிய செடிக்காகப் பல ஊர்களில் வாழும் ஒரு சமூகம் முழுவதன் சார்பில் ஒப்புதல் தருவது யார்? காணி மருத்துவர்கள் சிலர் அறிவை விற்பதையே எதிர்த்தனர். அவ்வெதிர்ப்பில் நியாயம் உண்டு. காட்டுச் செடிகள் பறிபோகும் என அஞ்சிய வனத்துறை, இலை சேகரிப்பைக் கட்டுப்படுத்தியது. ஜீவனி என்னும் பெயரையோ அமெரிக்க நிறுவனமொன்று தன் நாட்டில் வணிகக் குறியாகப் பதிவு செய்துகொண்டது.

இத்தகைய கேள்விகளுக்கு விடைதேடும் இந்திய உயிரியல் பல்வகைமைச் சட்டம் 2002இல் இயற்றப்பட்டது. அதன்படி அமைந்த தேசிய ஆணையம் சென்னையில் இயங்குகிறது. நம் நாட்டுத் தாவரங்களை ஆய்வுக்கு எடுத்துச்செல்ல விரும்பும் வெளிநாட்டு நிறுவனம் அதன் ஒப்புதலைப் பெறவேண்டும். உள்ளாட்சிகள்தோறும் ஒரு குழு அமைத்து, அவ்வூர்த் தாவரங்களையும் அவற்றின் பயன்பற்றி மக்கள் அறிந்திருப்பதையும் பதிவேட்டில் எழுதிவைக்கவும் சட்டம் வழிசெய்கிறது. நாளை ஒருவர் அச்செடிக்குக் காப்புரிமை கோரினால், அப்பயன் முன்பே அறியப்பட்டது என்பதற்கு அப்பதிவேடு சான்றாக நிற்கும்.