வெளிநாட்டில் ஆங்கிலம் கற்பிக்கும் சகோதரிக்குப் பிள்ளை பிறந்தால்...



இரண்டு வருட ஒப்பந்தத்தில் வெளிநாட்டுப் பாடசாலை ஒன்றுக்கு ஆங்கிலம் கற்பிக்கப் போயிருக்கிறீர்கள். ஒப்பந்தம் பாதியில் இருக்கும்போது வயிற்றில் பிள்ளை தங்கிவிடுகிறது. சந்தோஷமான செய்திதான். ஆனால் அதனோடு சேர்ந்து எத்தனையோ கேள்விகளும் வருகின்றன. வேலை போய்விடுமா? பிரசவம் அங்கேயா, ஊரிலா? பிள்ளை எந்த நாட்டுப் பிரஜை? உம்மா பக்கத்தில் இல்லாமல் நாற்பது நாளைக் கழிப்பது எப்படி?

இது உங்களுக்காகவும், கண்டியில் இருந்துகொண்டு உங்களை நினைத்துக் கவலைப்படும் உம்மாவுக்காகவும் மாமிக்காகவும் எழுதப்படுகிறது.

கண்டியிலும் அக்குறணை, மடவளை, உடதலவின்ன, கெலிஓயா, கம்பளை போன்ற ஊர்களிலும் ஆங்கிலம் படித்து ஆசிரியத் தொழிலுக்கு வந்த நம் பெண்பிள்ளைகள் பலர் இருக்கிறார்கள். ஆங்கில ஆசிரியர்களைப் பயிற்றுவிக்கும் கல்லூரி பேராதனையிலேயே இருக்கிறது. இவர்களில் சிலர் மாலைதீவுக்குப் போகிறார்கள். கட்டுநாயக்காவிலிருந்து ஒன்றரை மணி நேரப் பயணம், ஆங்கில மொழிமூலம் படிப்பிக்கும் பாடசாலைகள், முஸ்லிம் நாடு. வேறு சிலர் சவூதி, டுபாய், கட்டார் என்று போகிறார்கள். 2022இல் நாடு பொருளாதார நெருக்கடியில் தவித்தபோது, அரசாங்க ஊழியர்கள் ஐந்து வருடம் வரை சம்பளமற்ற விடுமுறையில் வெளிநாடு சென்று தொழில் செய்ய இடமளித்துச் சுற்றறிக்கை வெளிவந்தது. அதன் பின்னர் இந்த எண்ணம் பல வீடுகளில் பேச்சாகிவிட்டது.

போகும்போது சம்பளத்தை விசாரிக்கிறோம்; தங்குமிடத்தை விசாரிக்கிறோம். பிள்ளைப்பேறு பற்றி விசாரிக்க வெட்கப்படுகிறோம். வெட்கப்பட வேண்டிய விஷயம் அதுவல்ல.

ஊரில் தேடி வரும். அங்கே தேடிப் போகவேண்டும்

இலங்கையில் தாய் சேய் நலச் சேவை நம் வீட்டு வாசலுக்கே வருகிறது. 1926இல் களுத்துறையில் முதலாவது சுகாதாரப் பிரிவு தொடங்கப்பட்டது முதல் வளர்ந்து வந்த ஏற்பாடு இது. ஒரு வீட்டில் பெண் கர்ப்பமாகிவிட்டால், அந்தப் பகுதி மிட்வைஃப் அவளுடைய பெயரைப் பதிந்துகொள்கிறார். கிளினிக் நாளை ஞாபகப்படுத்துகிறார். அட்டை தருகிறார், திரிபோஷா கிடைக்க வழிசெய்கிறார். பிரசவத்துக்குப் பின்னரும் வீட்டுக்கு வந்து தாயையும் சேயையும் பார்க்கிறார். கண்டி தேசிய வைத்தியசாலையிலோ பேராதனை போதனா வைத்தியசாலையிலோ பிரசவத்துக்குக் கட்டணம் இல்லை.

இந்த வசதிக்குப் பழகிய நாம், வெளிநாட்டிலும் யாராவது வந்து சொல்வார்கள் என்று இருந்துவிடுகிறோம். அங்கே யாரும் வரமாட்டார்கள். ஊரில் மற்றவர்கள் உங்களுக்காக நினைவில் வைத்திருந்த அத்தனையையும் அங்கே நீங்களேதான் நினைவில் வைக்க வேண்டும். இதுதான் முதலில் மனதில் பதிய வேண்டிய விஷயம்.

ஆகவே, மாதவிடாய் தள்ளிப்போனதும் டாக்டரிடம் போங்கள். முதற் பரிசோதனை 12 வாரத்துக்குள் நடக்க வேண்டும். கர்ப்ப காலம் முழுவதிலும் குறைந்தது எட்டுத் தடவையாவது பரிசோதனை வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2016இல் பரிந்துரைத்திருக்கிறது. குழந்தைக்கு உத்தேசிக்கும்போதே நாளொன்றுக்கு 400 மைக்ரோகிராம் போலிக் அசிட் எடுக்கத் தொடங்கி, 12 வாரம் வரை தொடர்வது பிள்ளையின் முள்ளந்தண்டுக்கு நல்லது. ஒவ்வொரு இரத்த அறிக்கையையும் ஸ்கேன் அறிக்கையையும் கையில் வாங்கி ஒரே கோப்பில் வையுங்கள். பிரசவத்துக்கு ஊருக்கு வந்தால் கண்டி டாக்டருக்கு உங்களைப் பற்றிச் சொல்லப்போவது அந்தக் கோப்புத்தான்.

உங்கள் இரத்த வகை நெகட்டிவ் என்றால் இன்னும் கவனம் தேவை. பிள்ளை பொசிட்டிவாக இருந்தால், பிரசவமாகி 72 மணித்தியாலத்துக்குள் தாய்க்கு அன்டி-டீ ஊசி போட வேண்டும். தவறினால் ஆபத்து அடுத்த பிள்ளைக்கு. அந்த ஊசி அங்குள்ள ஆஸ்பத்திரியில் இருக்கிறதா என்று முன்கூட்டியே கேளுங்கள். மாலைதீவின் சிறிய தீவொன்றில் படிப்பிப்பவர்களுக்கு இது மிக முக்கியம். அங்கே சிறிய தீவுகளில் இருப்பது சுகாதார நிலையம் மாத்திரமே. சிக்கலான பிரசவம் என்றால் படகேறி அடுத்த பெரிய ஆஸ்பத்திரிக்கோ, மாலேயிலுள்ள இந்திரா காந்தி ஞாபகார்த்த வைத்தியசாலைக்கோ போக வேண்டியிருக்கும்.

ஒப்பந்தத்தை வாசித்தீர்களா?

ஊரார் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் வாசிக்கக் கற்றுக்கொடுக்கும் சகோதரியே, உங்கள் ஒப்பந்தத்தை நீங்கள் முழுதாக வாசித்ததுண்டா?

நம் நாட்டு அரசாங்கப் பாடசாலையில் பிரசவ விடுமுறை முழுச் சம்பளத்துடன் 84 வேலை நாட்கள். அதன் பின்னர் அரைச் சம்பளத்துடன் 84 நாட்களும், சம்பளமின்றி 84 நாட்களும் எடுக்கலாம். வெளிநாட்டில் இதை எதிர்பார்க்க வேண்டாம். ஐக்கிய அரபு எமிரேட்ஸில் 2022இல் நடைமுறைக்கு வந்த தொழிற் சட்டப்படி தனியார் துறையில் விடுமுறை 60 நாட்கள். அதில் 45 நாட்களுக்கு முழுச் சம்பளம், 15 நாட்களுக்கு அரைச் சம்பளம். சவூதியில் 10 வாரமாக இருந்த விடுமுறை 2025இல் 12 வாரமாகக் கூட்டப்பட்டது. மாலைதீவின் 2008ஆம் ஆண்டுத் தொழிற் சட்டம் 60 நாள் என்று வைத்தது. இந்தச் சட்டங்கள் அடிக்கடி திருத்தப்படுகின்றன. ஆகவே கையெழுத்திடுமுன் அன்றைய நிலையைப் பாடசாலையிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

மருத்துவக் காப்புறுதியையும் பாருங்கள். பிரசவச் செலவை ஏற்கும் பல காப்புறுதிகளில், சேர்ந்து இத்தனை மாதம் கழிந்த பின்னரே அந்த உதவி என்று ஒரு நிபந்தனை இருக்கும். அது தெரியாமல் இருந்தால் ஆஸ்பத்திரிப் பில் முழுவதும் உங்கள் தலையில் விழும்.

சிலர் வேலை போய்விடும் என்று பயந்து, வயிறு தெரியும் வரை செய்தியை மறைக்கிறார்கள். மறைப்பதற்காகக் கிளினிக்குக்கும் போகாமல் இருந்துவிடுகிறார்கள். இதுதான் மிகப் பெரிய ஆபத்து. மேலே சொன்ன எமிரேட்ஸ் சட்டம், கர்ப்பம் என்ற காரணத்துக்காக ஒரு பெண்ணை வேலையிலிருந்து நீக்குவதைத் தடை செய்கிறது. டாக்டரின் சான்றிதழுடன் அதிபருக்கு எழுத்தில் அறிவித்து, ஒரு பிரதியை நீங்களும் வைத்துக்கொள்ளுங்கள். வாயால் சொன்னதற்குச் சாட்சி இல்லை.

பிரசவம் எங்கே?

தலைப்பிள்ளை உம்மா வீட்டில் பிறக்க வேண்டும் என்பது நம் வழக்கம். அதற்காக ஊருக்கு வருவதென்றால், நாளைக் கணக்குப் பார்த்து வர வேண்டும். பெரும்பாலான விமான நிறுவனங்கள் 28 வாரத்துக்குப் பின்னர் டாக்டரின் கடிதம் கேட்கின்றன. 36 வாரத்துக்குப் பின்னர் ஏற்றுவதில்லை. இரட்டைப் பிள்ளைகள் என்றால் இந்தக் கணக்கு இன்னும் குறையும். வந்து சேர்ந்த வாரமே உங்கள் பகுதி மிட்வைஃபிடம் பெயரைப் பதியுங்கள். ஊரில் பிறக்கும் பிள்ளையின் பிறப்பை 42 நாட்களுக்குள் பதிய வேண்டும். பிறகு கடவுச்சீட்டு, பிறகு பிள்ளைக்கு விசா. இவற்றுக்கு எடுக்கும் காலத்தையும் உங்கள் விடுமுறை நாட்களையும் ஒன்றாக வைத்துப் பாருங்கள். நாட்கள் போதாவிட்டால், பிள்ளையை விட்டுவிட்டுத் தனியே விமானம் ஏற வேண்டி வரும்.

கணவரும் உங்களோடு இருந்து, நல்ல ஆஸ்பத்திரியும் பக்கத்தில் இருந்து, காப்புறுதியும் செலவை ஏற்குமானால் அங்கேயே பெற்றெடுப்பதில் தவறில்லை. உம்மாவை விசிட் விசாவில் வரவழைக்கலாம். கணவர் கண்டியில், நீங்கள் தனியே ஒரு தீவில் என்றால், வந்துவிடுவதே நல்லது. எதுவானாலும் ஐந்தாம் மாதத்துக்குள் முடிவெடுங்கள். கடைசி நேரம் வரை இழுத்தால், முடிவு உங்கள் கையில் இராது.

பிள்ளைக்கு நாடு வேண்டும்

சகோதரிகளே, இந்தப் பகுதியை இரண்டு முறை வாசியுங்கள்.

சவூதியிலோ எமிரேட்ஸிலோ மாலைதீவிலோ பிறந்ததால் மாத்திரம் நம் பிள்ளை அந்நாட்டுப் பிரஜையாகிவிடாது. இலங்கைப் பிரஜையாவதும் தானாக நடந்துவிடாது. நமது 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டப்படி, வெளிநாட்டில் பிறந்த பிள்ளையின் பிறப்பை ஒரு வருடத்துக்குள் அங்குள்ள இலங்கைத் தூதரகத்திலோ உயர்ஸ்தானிகராலயத்திலோ பதிய வேண்டும். முன்னர் தகப்பன் வழியாகவே இந்த உரிமை வந்தது. 2003ஆம் ஆண்டுத் திருத்தத்தின் பின்னர், தாய் இலங்கையராக இருந்தாலும் பிள்ளைக்கு உரிமை உண்டு. ஆனால் பதிவு செய்ய வேண்டும். காலம் கடந்துவிட்டால் காரணம் காட்டி அனுமதி பெற வேண்டியிருக்கும், வீண் அலைச்சல்.

அந்தந்த நாட்டு விதிகளும் உண்டு. எமிரேட்ஸில் பிறந்த பிள்ளைக்கு 120 நாட்களுக்குள் வதிவிட விசா எடுக்க வேண்டும். தவறினால் தண்டப் பணம்.

இத்தனைக்கும் அடிப்படை உங்கள் விவாகச் சான்றிதழ். 1951ஆம் ஆண்டின் முஸ்லிம் விவாக விவாகரத்துச் சட்டப்படி, பதியாததால் மாத்திரம் நிக்காஹ் செல்லாமற் போய்விடாது. ஆனால் வெளிநாட்டு ஆஸ்பத்திரிக் கருமபீடத்தில் அந்த விளக்கம் எடுபடாது; அங்கே கடதாசிதான் பேசும். புறப்படுமுன் சான்றிதழைப் பெற்று, ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து, வெளிநாட்டமைச்சின் கொன்சியூலர் பிரிவில் அத்தாட்சிப்படுத்திக்கொள்ளுங்கள். அங்கு போன பின்னர் தேடினால், கண்டியிலுள்ள வாப்பாவும் நானாவும் காரியாலயம் காரியாலயமாக அலைவார்கள்.

பெயரிலும் கவனம் வேண்டும். நம் ஊரில் பாத்திமா என்பதை ஆங்கிலத்தில் டி, எச் என்று இரண்டு எழுத்துப் போட்டு எழுதுவது வழக்கம். அரபு நாட்டு எழுதுவினைஞர் எச் இல்லாமல் எழுதிவிடுவார். முஹம்மதுக்கோ பல எழுத்துக்கள். ஏழாம் நாள் அகீகாவுக்கு வைக்கும் பெயரை, பெற்றோரின் கடவுச்சீட்டிலுள்ள எழுத்துக்களோடு ஒப்பிட்டு, ஒரு துண்டில் எழுதி, பதியப் போகும்போது கொடுங்கள். பிறப்புச் சான்றிதழ் கைக்கு வந்ததும் அங்கேயே நின்று வாசியுங்கள். ஓர் எழுத்துப் பிழை பிள்ளை பாடசாலை சேரும் வரைக்கும் துரத்தும்.

வகுப்பறைக்குத் திரும்பும்போது

ஆறு மாதம் வரை பிள்ளைக்குத் தாய்ப்பால் மாத்திரமே உணவு. ஆனால் உங்கள் விடுமுறையோ அறுபது நாளில் முடிந்துவிடலாம். பால் நின்றுவிட்டதே என்று உடனே பால்மாவுக்குப் போக வேண்டாம். பிழிந்தெடுத்த பாலை மூடியுள்ள சுத்தமான பாத்திரத்தில் வைத்தால் 25 பாகைக்கு மேற்படாத அறையில் நான்கு மணித்தியாலமும், குளிர்சாதனப் பெட்டியில் நான்கு நாளும் கெடாது. மாலைதீவின் புழுக்கத்தில் அதை வெளியே வைக்க வேண்டாம். வகுப்புக்கு இடையே பாலூட்ட நேரம் கேளுங்கள். எமிரேட்ஸ் சட்டம் பிரசவமாகி ஆறு மாதம் வரை நாளொன்றுக்கு ஒரு மணித்தியாலம் வரை அதற்கு இடமளிக்கிறது.

பிள்ளைக்கு அங்கே போட்ட தடுப்பூசிகளின் அட்டையைப் பத்திரமாக வையுங்கள். நாட்டுக்கு நாடு அட்டவணை வேறுபடும். ஊருக்கு வந்ததும் அந்த அட்டையை மிட்வைஃபிடம் காட்டி, விடுபட்டதைப் போட்டுக்கொள்ளுங்கள்.

கண்டியிலுள்ள உம்மாமாருக்கு

நாற்பது நாள் என்பது ஓய்வுக்கு; அசையாமல் படுத்திருப்பதற்கு அல்ல. பிரசவித்த பெண்ணுக்குக் காலில் இரத்தம் கட்டிக்கொள்ளும் அபாயம் ஆறு வாரம் வரை உண்டு. வீட்டுக்குள்ளாவது நடக்கச் சொல்லுங்கள். தண்ணீர் குடிக்கச் சொல்லுங்கள்.

தொலைபேசியில் மகள் அழுதால், "நாங்கள் எல்லாம் பெறவில்லையா?" என்று கேட்காதீர்கள். நீங்கள் பெற்றபோது உங்களைச் சுற்றி வீடு நிறைய ஆட்கள் இருந்தார்கள். அவளோ நான்கு சுவருக்குள் கைக்குழந்தையோடு இருக்கிறாள். பிரசவித்த சில நாளில் வரும் அழுகை பெரும்பாலும் இரண்டு வாரத்தில் போய்விடும். அதற்கு மேலும் தூக்கமின்றி, உண்ண மனமின்றி, பிள்ளையைப் பார்க்கவும் பிடிக்காமல் இருந்தால் அது ஒரு நோய். மருந்தும் உண்டு, சுகமும் உண்டு. டாக்டரிடம் போகச் சொல்லி மருமகனிடம் நீங்களே பேசுங்கள்.

கர்ப்பிணியாக இருக்கும்போது கடும் தலைவலி, கண் மங்கல், முகவீக்கம், இரத்தப்போக்கு, நீர்க்குடம் உடைதல், பிள்ளையின் அசைவு குறைதல் ஆகியவற்றில் ஒன்று தெரிந்தாலும் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். நாளைக்குப் பார்ப்போம் என்பது வேண்டாம்.

உழைக்கப் போன பெண் பிள்ளையையும் பெறலாம், பேரோடும் திரும்பலாம். அதற்கு வேண்டியது முன்யோசனை. இந்த வருடம் உங்கள் வீட்டிலிருந்து ஒரு பிள்ளை படிப்பிக்கப் போகிறதா? பெட்டி கட்டுமுன் விவாகச் சான்றிதழ், இரத்த வகை அட்டை, ஒப்பந்தப் பிரதி, காப்புறுதிப் பத்திரம் ஆகிய நான்கையும் மேசையில் வைத்து, மகளும் மருமகனும் நீங்களுமாக ஒருமுறை உட்கார்ந்து பேசிவிடுங்கள்.