நீர்ப்பம்பியின் வீண் பொறி

மாத்தளை மாவட்டத்தில் கலேவெல, தம்புள்ள, சீகிரியப் பக்கங்களில் சிறுபோகப் பெரிய வெங்காயம் பெரும்பாலும் கிணற்றுத் தண்ணீரை நம்பியே நிற்கிறது. 2018 இல் திறக்கப்பட்ட மொறகஹகந்த நீர்த்தேக்கத்துக்காகக் காணியை விட்டு வந்தவர்களும், யுத்த காலத்தில் வேறு மாவட்டங்களிலிருந்து வந்து சேர்ந்தவர்களும் இதை அறிவார்கள். குமிழ் கட்டும் வேளையில் பம்பி நின்றுவிட்டால் கராஜுக்குக் கொண்டுபோய் மூன்று நாள் காத்திருக்க இயலாது. எனவே பம்பி எஞ்சினில் தீப்பொறி எப்படிப் பிறக்கிறது என்பதைச் சற்று விளங்கிக்கொள்வது நல்லது.

இந்தச் சிறு எஞ்சினில் பற்றறி கிடையாது. பறப்புச்சில்லில் ஒரு காந்தம் பதித்திருக்கிறது. சில்லு சுழலும்போது காந்தம் கொயிலைக் கடந்து போகிறது; அந்தக் கணத்தில் கொயிலில் மின் பிறந்து, பல ஆயிரம் வோல்ற்றாகப் பெருகி, பிளக்கின் இடைவெளியில் பொறியாகப் பாய்கிறது. சில்லு ஒரு தரம் சுற்றினால் ஒரு பொறி.

ஆனால் நாலடிப்பு எஞ்சினுக்கு இரண்டு சுற்றுக்கு ஒரு பொறிதான் தேவை. முதற் சுற்றில் எரிபொருட் கலவையை உள்ளே இழுத்து அமுக்குகிறது. அமுக்கி முடியும் இடத்தில் பொறி வந்து கலவையைக் கொளுத்துகிறது. அடுத்த சுற்றில் பிஸ்டன் தள்ளப்பட்டு, பின்பு புகை வெளியே போகிறது. புகை போய் முடியும் தறுவாயிலும் காந்தம் கொயிலைக் கடக்கிறதல்லவா? அப்போதும் பொறி பாய்கிறது. எரிக்க அங்கே ஒன்றுமில்லை. இதுவே வீண் பொறி. நிமிடத்துக்கு 3000 சுற்று ஓடும் பம்பியில் செக்கனுக்கு 50 பொறி. வேலை செய்வது 25.

இதை ஏன் திருத்தவில்லை என்று கேட்கலாம். பாதி வேகத்தில் சுழலும் கம்பிலிருந்து பொறியை எடுத்தால் திருத்தலாம். அதற்கு மேலதிக உதிரிப்பாகங்கள் வேண்டும். அவையும் ஒருநாள் பழுதாகும். வீண் பொறியால் எரிபொருள் செலவாவதில்லை. பிளக் சற்று விரைவாகத் தேயும், அவ்வளவுதான். என் எண்ணத்தில் இது மலிவான, புத்தியான ஏற்பாடு.

கார்களிலும் இதே தந்திரம் உண்டு. 1948 இல் அறிமுகமான சித்ரொன் டூ சீ வீ என்ற பிரெஞ்சுக் காரில் இரண்டு சிலிண்டருக்கும் ஒரே கொயில், டிஸ்ரிபியூட்டர் இல்லை. பிற்காலத்தில் நாலு சிலிண்டர்க் கார்கள் பலவற்றிலும் ஒரு கொயிலின் இரு முனையும் இரண்டு பிளக்குகளுக்குப் போயின: ஒன்றும் நாலும் ஒரு சோடி, இரண்டும் மூன்றும் மறு சோடி. ஒன்று அமுக்கும்போது மற்றது புகை தள்ளுகிறது. மின் ஒரு பிளக்கில் பாய்ந்து, எஞ்சின் இரும்பு வழியாகச் சென்று, மற்றப் பிளக்கினூடாகத் திரும்புகிறது. ஆகையால் அத்தகைய காரில் ஒரு வயர் அறுந்தால் சோடி இரண்டுமே தடுமாறும்.

பம்பிக்கு வருவோம். பிளக்கைக் கழற்றி, தொப்பியில் பொருத்தி, அதன் இரும்பை எஞ்சினில் முட்டவைத்துக் கயிற்றை இழுத்தால் ஒவ்வொரு சுற்றுக்கும் பொறி தெரியவேண்டும். அதற்கு முன் சிந்திய எரிபொருளைத் துடைத்து, பிளக் ஓட்டையிலிருந்து தள்ளிப் பிடியுங்கள். வெறுங்கையால் தொட வேண்டாம். “புகை போகும் நேரத்திலும் பொறி வருகிறது, மக்னெற் பிழைத்துவிட்டது” என்று யாராவது சொன்னால் அதற்காகக் காசு கொடுக்காதீர்கள். அது அப்படித்தான் வரும்.

பொறியே வரவில்லையா? முதலில் எஞ்சின் ஒயிலைப் பாருங்கள். ஹொண்டா முதலான பல பம்பிகளில் ஒயில் குறைந்தால் மின்னை எஞ்சின் உடலுக்குத் திருப்பிப் பொறியை நிறுத்தும் ஆளி ஒன்று உண்டு. ஒயில் போதியளவு இருந்தும், ஆற்றங்கரைச் சரிவில் பம்பியைச் சாய்த்து வைத்தால் அதே ஆளி நிறுத்திவிடும். நல்ல கொயிலைக் கழற்றி எறியுமுன் பம்பியைச் சமதரையில் வைத்து இழுத்துப் பாருங்கள். நிறுத்தும் சுவிச்சின் வயர் தோலுரிந்து இரும்பில் முட்டினாலும் இதே கதைதான்.

அடுத்தது பிளக். மண்ணெண்ணெய் எஞ்சினைப் பெற்றோலில் தொடக்கி, சூடேறிய பின்னரே மண்ணெண்ணெய்க்கு மாற்றவேண்டும். நிறுத்துமுன் மறுபடி பெற்றோலுக்கு வரவேண்டும். குளிர்ந்த எஞ்சினில் மண்ணெண்ணெய் பிளக்கை நனைத்துக் கரிபிடிக்கச் செய்யும். நன்றாய்த் துடைத்து, இடைவெளியை 0.7 முதல் 0.8 மில்லிமீற்றருக்குள் வையுங்கள். கொயிலைக் கழற்றிப் பூட்டினால் அதற்கும் சில்லுக்கும் இடையே ஒரு விசிட்டிங் கார்ட் நுழையுமளவு விட்டால் போதும்.