கால் புண் ஆறவில்லையா? மாத்திரையை மாற்றுவதற்கு முன் இதைப் படிங்க!

காலில் சின்ன புண். மெடிக்கல் ஷாப்பில் கேட்டு மூன்று நாள் ஆன்டிபயாடிக். ஆறவில்லை என்றால், ‘இதைவிட பவர்ஃபுல்லா ஒண்ணு குடுங்க’. சர்க்கரை நோயாளிகள் இருக்கும் பல வீடுகளில் நடப்பது இதுதான். 2023-ல் வெளியான ஐ.சி.எம்.ஆர் ஆய்வின்படி, இந்தியாவில் சுமார் 10.1 கோடி பேருக்குச் சர்க்கரை நோய் இருக்கிறது.

புண் ஏன் ஆறுவதில்லை?

சர்க்கரை நோய் நரம்புகளைப் பாதித்தால் கால் மரத்துப்போகும். செருப்பு கடித்தாலும் தெரியாது. ரத்த ஓட்டமும் குறைந்தால், விழுங்கும் மருந்து புண்ணுக்குச் சரியாகப் போய்ச் சேராது.

எல்லா புண்ணுக்கும் ஆன்டிபயாடிக் தேவையா?

இல்லை. திறந்த புண் எதுவானாலும் அதில் பாக்டீரியா இருக்கும். வீக்கம், சிவப்பு, சூடு, வலி, சீழ் ஆகியவற்றில் குறைந்தது இரண்டு இருந்தால்தான் தொற்று என டாக்டர்கள் முடிவு செய்வார்கள். தொற்று இல்லாத புண்ணுக்கு ஆன்டிபயாடிக் வேண்டாம் என்கின்றன 2023-ம் ஆண்டின் சர்வதேச வழிகாட்டுதல்கள்.

மருந்து ஏன் கேட்பதில்லை?

‘உடம்பு மருந்துக்குப் பழகிடுச்சு’ என்போம். உண்மையில் பழகுவது பாக்டீரியாதான். ஒவ்வொரு முறை தேவையில்லாமல் மாத்திரை போடும்போதும், அதைத் தாங்கும் கிருமிகள் மிஞ்சிப் பெருகும். நாள்பட்ட புண்ணில் இவை வழவழப்பான படலத்துக்குள் கூட்டமாகப் பதுங்கிக்கொள்வதால், மருந்து வேலை செய்வது இன்னும் கஷ்டம். இந்தியாவில் இத்தகைய புண்களில் சூடோமோனாஸ், க்ளெப்சியெல்லா, ஈ.கோலை போன்றவை அதிகம் காணப்படுகின்றன.

என்ன டெஸ்ட்?

தொற்று இருந்தால் ‘கல்ச்சர்’ டெஸ்ட் எடுக்க வேண்டும். எந்தக் கிருமி, எந்த மருந்துக்குக் கட்டுப்படும் என்பது அதில் தெரியும். புண்ணைச் சுத்தம் செய்து, உள்ளிருந்து துளி திசுவை எடுப்பதே சரி. மேலாகப் பஞ்சால் ஒற்றி எடுத்தால், தொற்றுக்குச் சம்பந்தமில்லாத கிருமிகளும் ரிசல்ட்டில் வரும்.

மருந்து பெரும்பாலும் 1-2 வாரம்; எலும்பு வரை பரவியிருந்தால் 6 வாரம் வரை ஆகலாம். அழுகிய திசுவை நீக்குவது, காலில் அழுத்தம் விழாமல் பார்ப்பது, சர்க்கரையைக் கட்டுக்குள் வைப்பது ஆகியவையும் சிகிச்சைதான்.

மறக்காதீங்க

* அட்டையில் சிவப்புக் கோடு இருந்தால், டாக்டர் சீட்டு இல்லாமல் வாங்கக் கூடாது.
* மிச்சம் இருக்கும் பழைய மாத்திரையைப் போடாதீங்க.
* தினமும் பாதத்தின் அடிப்பகுதியையும் விரல் இடுக்கையும் பாருங்க.
* புண் கறுத்தாலோ, நாற்றம், காய்ச்சல் வந்தாலோ, சிவப்பு பரவினாலோ அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்க. ‘வலிக்கலையே’ என்று காத்திருக்க வேண்டாம்; மரத்துப்போன காலுக்கு வலி தெரியாது.