ஏறிய அரிசி, இறங்கிய தேயிலை

டாப் ஸ்டேஷனுக்கு வருகிறவர்களில் யாராவது ஒருவர் “ஸ்டேஷன் எங்கே?” என்று கேட்காமல் போவதில்லை. நியாயமான கேள்விதான். தேனி மாவட்டத்தைச் சேர்ந்த அந்த மலைமுகட்டுக்கு, நூறு ஆண்டுகளுக்கு முன்பு மூணாறிலிருந்து நிஜமாகவே ரயில் வந்துகொண்டிருந்தது. அங்கிருந்து கொட்டகுடிக்குக் கம்பிவடத்தில் தொங்கியபடி தேயிலைப் பெட்டிகள் இறங்கின. கொட்டகுடியிலிருந்து மாட்டுவண்டியில் போடிநாயக்கனூர். அப்புறம் அம்மையநாயக்கனூர் ரயில் நிலையம், தூத்துக்குடி, கப்பல், லண்டன். அதே கம்பிவடம் அரிசியையும் பலசரக்கையும் மேலே ஏற்றியது.

இந்த மலையில் வெள்ளைக்காரர் குடியேற்றம் 1877-இல் ஒரு பத்திரத்தோடு தொடங்கியது. கண்ணன் தேவன் மலைகளைப் பூஞ்சாறு அரச குடும்பத்திடமிருந்து ஜான் டேனியல் மன்றோ குத்தகைக்கு எடுத்தார். முதலில் சின்கோனா, காப்பி என்று முயன்றார்கள். கடைசியில் நிலைத்தது தேயிலை. ‘யாரும் இல்லாத காடு’ என்று எழுதி வைப்பது குடியேறிகளின் வழக்கம். முதுவர் பழங்குடியினர் அங்கே வாழ்ந்துகொண்டிருந்தார்கள் என்பதை அந்த மாதிரி எழுத்துகள் சௌகரியமாக மறந்துவிடும்.

போக்குவரத்துதான் பெரும் தலைவலி. 1902-இல் குண்டளைப் பள்ளத்தாக்கில் ஒரு விசித்திர வண்டி ஓடியது: ஒரே தண்டவாளம், அதன்மேல் சிறு சக்கரங்கள், சாயாமல் தாங்கிக்கொள்ளத் தரையில் உருளும் பெரிய சக்கரம் ஒன்று, இழுக்க மாடுகள். 1908-இல் அதை இரண்டடி அகல ரயில் பாதையாக மாற்றி நீராவி எஞ்சினை விட்டார்கள். 1924 ஜூலை வெள்ளம் எல்லாவற்றையும் அடித்துக்கொண்டு போனது. ரயில் மறுபடி வரவில்லை. டாப் ஸ்டேஷன், குரங்கணிக்கு மேலேயுள்ள சென்ட்ரல் ஸ்டேஷன் என்ற ஊர்ப்பெயர்கள் மட்டும் தங்கிவிட்டன.

பழைய குடியேற்றத்தின் மிச்சங்களை எப்படிப் பேணலாம் என்பதற்கு அமெரிக்காவில் ஜேம்ஸ்டவுன் என்ற இடம் இருக்கிறது. 1607-இல் ஆங்கிலேயர் அங்கே மரக்கம்பங்களை நட்டு முக்கோணக் கோட்டை கட்டினார்கள்; சில மாதங்களிலேயே பாதிக்கு மேற்பட்டவர்கள் நோயிலும் பசியிலும் மடிந்தார்கள். கோட்டையை ஆறு கொண்டுபோய்விட்டது என்றே வெகுகாலம் நம்பினார்கள். 1994-இல் வில்லியம் கெல்சோ என்ற தொல்லியலாளர் தோண்டத் தொடங்கினார். மக்கிப்போன கம்பங்கள் மண்ணில் விட்டுச்சென்ற கறுத்த தடங்களை வைத்தே கோட்டைச் சுவரை அடையாளம் கண்டார்கள். கறைபட்ட மண்ணைக்கூட அங்கே பொத்திப் பாதுகாக்கிறார்கள். நம்மிடம் கம்பிவடத்தின் கல்லும் கட்டுமானமும் கண்ணெதிரே சிதைந்து கிடக்கின்றன.

மூணாறின் தொடக்கமும் சாவோடு சேர்ந்ததுதான். மேலாளர் ஹென்றி நைட்டின் இளம் மனைவி எலினார், 1894 டிசம்பரில் காலராவில் இறந்தார். அவரை மலைச்சரிவில் அடக்கம் செய்தார்கள். அங்கே கல்லறை முதலில் வந்தது. கீழே கிறிஸ்து ஆலயத்துக்கு அடிக்கல் நாட்டியது 1910-இல்தான். இன்று சுற்றுலா வழிகாட்டிகள் தவறாமல் சொல்லும் கதை இது. கங்காணிமார் பின்னால் கூட்டம் கூட்டமாக மலையேறி, குளிரிலும் காய்ச்சலிலும் போய்ச்சேர்ந்த தமிழ்க் கூலிகளின் புதைகுழிகளை எந்த வழிகாட்டி காட்டுவார்? துரை பங்களாக்கள் விடுதிகளாகிவிட்டன. ஒற்றை அறையும் சிறு அடுப்படியுமாக வரிசை கட்டிய லயங்களும் அதே குடியேற்றத்தின் வீடுகள்தாம். என் கணக்கில், பங்களாவைவிட லயத்துக்குத்தான் பாதுகாப்பு அவசரம். இடித்துக் கட்டும்போது ஒரு வரிசையையாவது பழையபடி விட்டுவைக்க வேண்டும். ஆனால் அதற்குள் இன்னும் மக்கள் குடியிருக்கிறார்கள், அவர்களுக்கு வேண்டியது நல்ல வீடு, நினைவுச்சின்னமல்ல என்பதும் உண்மை.

மலையடிவாரத்துப் போடிநாயக்கனூருக்கு, அதாவது போடிக்கு, வேறொரு பழமையும் உண்டு. மதுரை நாயக்கர் காலத்துப் பாளையங்களில் ஒன்று இது. ஜமீன் அரண்மனைச் சுவர்களில் இராமாயணக் காட்சிகளைத் தீட்டியிருக்கிறார்கள். ஊருக்கு ரயில் வந்தது 1928-இல். அகலப்பாதை வேலைக்காகப் பல ஆண்டுகள் நின்றுபோய், 2023 ஜூனில் மறுபடி ஓடத் தொடங்கியது.

1956-இல் மாநில எல்லை பிரித்தபோது மூணாறு அடங்கிய தேவிகுளம் கேரளத்தோடு போனது. கொட்டகுடி தமிழ்நாட்டுப் பக்கம் நின்றது. ஒரே சரித்திரம் இரண்டு அரசுகளின் கோப்புகளில் சிக்கிக்கொண்டது. நல்லதண்ணி எஸ்டேட்டில் உள்ள தேயிலை அருங்காட்சியகத்தில் பழைய ரயிலின் சக்கரம் ஒன்றை வைத்திருக்கிறார்கள். கம்பிவடத்தின் மிச்சங்களுக்குப் போடியில் ஓர் அறை ஒதுக்கினால் போதும். ஏலக்காய் மூட்டைகளுக்கு இத்தனை கிட்டங்கி இருக்கிற ஊரில் இடத்துக்கா பஞ்சம்?